செட்டையுள்ள மீன்

நாளை தவராசா செத்து எட்டாம் நாள். எட்டுச் செலவுக்கு அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டும். சனிக்கிழமை தவறாமல் ஆற்றுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய மனுசனுக்கு ஒரு சால்மனாவது பிடித்து வைக்கலாமென்று, அவருடைய பெரிய ரப்பர் காற்சட்டையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மனைவி செல்வமலர் ஆற்றில் இறங்கினாள். அவருடைய கூட்டாளி நிமலன் தூண்டில் வீசக் காட்டிக் கொடுத்தான். மத்தியானம் ஒன்று மாட்டியது.

நிமலன் மீனின் முதுகைத் தடவினான். வால் பக்கம் துடுப்புப் போலச் சின்னதாய் ஒரு செட்டை இருந்தது.

“விடவேணும் அக்கா. இது ஆற்றிலேயே பிறந்தது. பண்ணை மீனுக்கு இந்தச் செட்டையை வெட்டியிருப்பாங்கள், அதைத்தான் கொண்டுபோகலாமெண்டு சட்டம். அண்ணைக்கும் எப்பவும் இப்பிடித்தான் மாட்டும்.”

“அவர் மீன் பிடிச்சவரோ?”

“எத்தினையோ.”

ஒவ்வொரு சனியும் கடையில் வாங்கிய மீனைக் கழுவிக்கொண்டே அவள் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அவரும் கூடச் சிரிப்பார்.

“வாலைப் பிடிச்சு, தலையை நீரோட்டத்துக்கு எதிரா வையுங்கோ. களைச்சுப்போச்சு. மூச்சு வந்ததும் தானாப் போகும்.”

மீன் பலமாக உதறியது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

“விடுங்கோ அக்கா.”

“இன்னும் களைப்பு ஆறேல்லத் தம்பி” என்றாள்.