கோதுமைத் திருடி

அரிசி டிரம்முக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான் செபஸ்டின். ஒளித்து வைத்த பிஸ்கட் பாக்கெட் ஒன்றாவது அகப்படாதா என்று அவனுக்குத் தவிப்பு. பீரோ, அஞ்சறைப் பெட்டி, தலையணை உறை எல்லாம் பார்த்தாகிவிட்டது.

சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் அவன் மனைவி ஏஞ்சல் மேரி. "நல்லாத் தேடுங்க. கெடச்சா எனக்கும் ஒண்ணு குடுங்க."

"வெளையாடாத புள்ள. திருட்டுத்தனமா என்னத்தத் திங்கிற? உண்மையச் சொல்லு, நான் திட்ட மாட்டேன்."

"மாதா மேல சத்தியமா ஒண்ணும் திங்கலங்க."

கல்யாணமாகி வரதராசன்பேட்டைக்கு வந்தபோது ஐம்பத்தாறு கிலோ இருந்தவள் இப்போது முப்பத்தெட்டு. பால், முட்டை, கத்தரிக்காய், புளி என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தும் எதற்கும் கேட்காமல், கடைசியில் திருச்சி டாக்டர்தான் கண்டுபிடித்தார். கோதுமை உள்ளே போனால் இவள் உடம்பே இவள் குடலை எதிரியென்று நினைத்து அரிக்கிறதாம். ஒரு துணுக்குகூட ஆகாது என்று சொல்லிவிட்டார்.

அன்றோடு சப்பாத்தி, ரவை, சேமியா, பரோட்டா எதுவும் அந்த வீட்டுப் படியேறவில்லை. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, செபஸ்டின் அதை டப்பாவோடு குப்பையில் எறிந்தான். சோறும் ரசமும் பூசணிக்காயுமாக ஏழு மாதம் ஓடிவிட்டது. தின்றதையெல்லாம் தேதி போட்டு எழுதச் சொல்லியிருந்தார் டாக்டர். இப்போது ஓடுவது மூன்றாவது நோட்டு.

ஆனாலும் வலி விடவில்லை. நேற்று வாங்கிய ரத்த ரிப்போர்ட்டில் எண் கொஞ்சமும் இறங்கவில்லை. டாக்டர் செபஸ்டினை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"ரெண்டுதான் சார். ஒண்ணு, உங்க மிஸஸ் உங்களுக்குத் தெரியாமக் கோதுமை சாப்பிடுறாங்க. இல்லன்னா, குடல்ல வேற பெரிய வியாதி. அடுத்த வாரம் டெஸ்ட் எடுத்துப் பாத்துரலாம்."

பெரிய வியாதி என்றால் என்ன என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஆண்டவரே, என் பெண்டாட்டி திருடியாக இருக்கட்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தான். இப்படியொரு வேண்டுதல் வைத்த புருஷன் அரியலூர் ஜில்லாவிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அவன் கையில் ஆதாரமும் இருந்தது. நோட்டில் ஒரே ஒரு வாரம் மட்டும் ஏழு நாளும் 'வலி இல்லை' என்று எழுதியிருந்தாள். சிமெண்டு ஃபேக்டரியில் பராமரிப்பு வேலை என்று லீவு விட்டு, அவன் வீட்டோடு கிடந்த வாரம் அது.

"நான் வூட்டுல இருந்தா வலி இல்ல, வேலைக்குப் போனா வலி. இதுக்கு என்ன அர்த்தம்?"

"எனக்கென்னங்க தெரியும்? அந்த வாரம் சாமியாரு தியானத்துக்குப் போயிட்டாரு, கோயில்ல பூசைகூட இல்ல. பூசை பாக்காமலே நல்லா இருக்கேன்னு நானே ஆச்சரியப்பட்டேன்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. "பசியோட வேணா கெடந்து சாவுறேன். திருடின்னு மட்டும் சொல்லாதீங்க."

அவனுக்கும் அழுகை வந்தது. ஆனாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டான். மறுநாள் விடிந்ததும் ஷிப்டுக்குக் கிளம்புவதுபோல் பைக்கை எடுத்துப் போய், தெருமுனையில் மறைவாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.

ஆறு மணிக்கு ஏஞ்சல் முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பினாள். டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பன் அடுக்கியிருந்தது. இங்கேதான் என்று செபஸ்டின் மூச்சைப் பிடித்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பேக்கரியும் தாண்டி நேராகக் கோயிலுக்குள் போய்விட்டாள். வியாதிக்குப் பெயர் தெரிந்த நாளில் ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேர்ந்துகொண்டவள், அதன்பிறகு ஒருநாள் பூசையையும் விட்டதில்லை.

அவன் பின்னாலேயே போய்க் கடைசித் தூணோரம் நின்றான். அப்படியானால் டாக்டர் சொன்ன இரண்டாவதுதான். ஷிப்டைச் சாக்குச் சொல்லி வருஷக்கணக்காகப் பூசைப் பக்கம் வராதவன், அங்கேயே முழங்கால் போட்டுத் தேம்பித் தேம்பி அழுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, நன்மை வாங்கும் வரிசையில் ஏஞ்சல் நின்றுகொண்டிருந்தாள். சாமியார் காசு அகல வெள்ளை அப்பத்தை எடுத்து, 'கிறிஸ்துவின் திருவுடல்' என்று சொல்லி அவள் நாக்கில் வைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டு கும்பிட்டாள்.

செபஸ்டின் அசையாமல் நின்றான். சின்ன வயதில் மடத்து சிஸ்டர்கள் அப்பம் வெட்டி மிஞ்சிய ஓரத் துணுக்குகளை அவனும் கை நிறைய வாங்கித் தின்றிருக்கிறான். கோதுமை மாவும் தண்ணீரும் தவிர வேறு எதுவும் சேர்க்கக் கூடாது என்று அவர்கள் சொல்வார்கள்.

வெளியே வந்தவளை வாசலில் மறித்தான். "இத ஏன் புள்ள நோட்டுல எழுதல?"

"எதங்க?"

"நன்மை. டெய்லி வாங்குறியே."

அவள் அவனை ஒருமாதிரியாகப் பார்த்தாள்.

"ஆண்டவரப் போயி யாராச்சும் சாப்பாட்டுல எழுதுவாங்களா?"