வலது கட்டைவிரல்

எவரிஸ்தோ தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார். என்ன பயன்? கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்ற வில்மார் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டான்.

“அட, நீங்களா! வலது கட்டைவிரலை இதுமேல வைங்க.”

“மெதுவாப் பேசுப்பா. என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ளயே சேர்க்கமாட்டா.”

“கஞ்சான்னு வந்துட்டா எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. முதல் தடவையா?”

“சத்தியமா முதல் தடவைதான். முட்டிவலி தாங்காமத்தான்...”

“அதையும் எல்லாரும் சொல்றாங்க. நல்லா அழுத்துங்க.”

கருவி ரேகையை ஏற்கவில்லை. வாசலில் நின்ற சீருடைக்காரன் திரும்பிப் பார்த்தான். எவரிஸ்தோ விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மூன்றாவது முறை பச்சை விளக்கு எரிந்தது.

வில்மார் ஐந்து கிராம் பொட்டலத்தை மருந்துக்கடை ரசீதோடு நீட்டினான்.

“அன்னைக்கு ஸ்டேஷன்ல மூணு தடவை என் விரலை மையில அமுக்கினீங்களே, இன்ஸ்பெக்டர் சார். துடைக்க ஒரு துணிகூடத் தரல. இங்க பாருங்க, மையே கிடையாது.”

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் திணித்தார். இருந்தாலும் விட மனமில்லை.

“இதெல்லாம் கூடாதுன்னு அப்பவே நான் டிவியில சொன்னது சொன்னதுதான்டா. கஞ்சாவை அனுமதிச்சுச் சட்டம் போட்டு என்னத்தக் கிழிச்சாங்க? நம்ம மொன்டேவிடியோ நகரத்துல குற்றம் குறைஞ்சுதா?”

வில்மார் தன் வெள்ளைக் கோட்டின் காலரைச் சரிசெய்துகொண்டான்.

“ஊர் நிலவரம் எனக்குத் தெரியாது, சார். ஆனா, எங்க தெருமுனையில கஞ்சா வித்துக்கிட்டிருந்தவங்கள்ல ஒருத்தன் குறைஞ்சிருக்கேன்.”