லாரி வரட்டுமுங்க

செல்போனை மேசையில் வைத்துவிட்டு எரிந்து விழுந்தார் அதிகாரி ஆல்பர்ட்.

“பெரிய லாரியெல்லாம் இனி முள்ளுக்குறிச்சி வழியாத்தாம்மா. ஏன், மிளகு ஏத்தணுமா?”

“இல்லீங்க சாமி. கொண்டை ஊசி வளைவு ரோட்டுலயே லாரிய உடுங்க,” என்றாள் கண்ணாயி.

“மகனை லாரி அடிச்சுப் போட்டுதுன்னு மறியல் பண்ணித் தடை வாங்கினதே நீதானே!”

“ஆமாங்க. அவன் செத்த வளைவுல கல்லு நட்டோமுங்க. லாரிக்காரங்க எறங்கிச் சூடம் கொளுத்தி, ‘துணைக்கு வா சாமி’ன்னு கும்புட்டுட்டுப் போவாங்க.”

“இப்ப?”

“சுத்திப் பாக்க வாரவங்க அதும்மேல உக்காந்துக்கிட்டுப் போட்டோ புடிக்கறாங்க.”

ஆல்பர்ட் சட்டென்று செல்போனைக் கவிழ்த்து வைத்தார். அதன் முகப்புப் படத்தில், வளைவோரம் குங்குமம் வைத்த கல்லின்மேல் உட்கார்ந்து அவர் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.