விழிப்பு மாத்திரை

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் ஷோபனா கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கருத்தடை மாத்திரை என்றேன். ஒருநாளும் தவறியதில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். கேஸ் புக் பண்ண மறப்பேன். மாமியார் பிறந்தநாளை மறப்பேன். அது மட்டும் மறந்ததில்லை.

ஆவடியில் இருந்த அவருடைய கிளினிக்குக்கு நான் போனது வாந்திக்காக. அல்சர்தான் என்று நானே முடிவு செய்திருந்தேன். எதையாவது எழுதித் தந்தால் வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குரூப் டூ பரீட்சை.

"அது மட்டுந்தானா?"

அப்போதுதான் இன்னொன்றையும் சொன்னேன். பகலிலேயே தூங்கி விழும் வியாதிக்காரர்களுக்கு எழுதித் தருகிற மாத்திரை. அம்பத்தூர் கம்பெனியில் என்னோடு பில்லிங்கில் இருக்கும் அனுசுயா கொடுத்தது. "இத்த போட்டுகினு படி ரெனிக்கா, மூளை சும்மா கத்தி மாதிரி கீது" என்றாள்.

கத்தி மாதிரிதான் இருந்தது. முதல் நாள் பொருளாதாரம் படிக்க உட்கார்ந்து, அலமாரியை ஒழித்து அடுக்கினேன். மறுநாள் அடுப்பு பர்னரின் ஒவ்வொரு ஓட்டையையும் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தேன். ஐந்தாண்டுத் திட்டங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. இரண்டு மாதமாக எங்கள் ஏரியாவான கோவில்பதாகையிலேயே எங்கள் வீட்டு அடுப்பு போல் நீலமாக எரியும் அடுப்பு கிடையாது.

சிரித்துக்கொண்டே சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

அந்த மாத்திரையைச் சாப்பிட்டால், கருத்தடை மாத்திரையைக் கல்லீரல் சீக்கிரமே கரைத்துத் தள்ளிவிடுமாம். டாக்டரைக் கேட்காமல் சாப்பிட்டால் இதையெல்லாம் யார் சொல்வார்கள் என்றார். அனுசுயா சொல்லவில்லையே என்று வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

சிறுநீர் எடுத்து வரச் சொன்னார்.

பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடுகள்.

இரண்டு மாதம் படித்ததில் ஒன்றும் மண்டையில் தங்கவில்லை. தங்கியது வயிற்றில்.

"முதல் குழந்தையா?"

தலையாட்டினேன். பாஸான பிறகுதான் குழந்தை என்று கல்யாணமான வருடத்திலிருந்து தள்ளிப்போட்டவள் நான். ஒவ்வொரு முறை ரிசல்ட் வந்தபோதும், "அடுத்த தபா பாத்துக்கலாம்" என்றவர் என் கணவர் ஜாபஸ்.

இரண்டு மாத்திரைகளையும் இன்றே நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். பெரும்பாலும் நன்றாகவே பிறக்கும், ஆனாலும் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வரவேண்டும்.

'பெரும்பாலும்.' எந்தப் பாடத்தையும் நான் அந்த ஒரு வார்த்தையைப் போல மனப்பாடம் செய்ததில்லை.

வெளியே ஜாபஸ் வண்டியில் உட்கார்ந்திருந்தார். "இன்னா, அல்சரா?"

சொன்னேன். அனுசுயா கொடுத்ததையும் சொன்னேன். அதுவரை அவருக்கு அது தெரியாது.

திட்டட்டும் என்று நின்றேன். அவர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் மாட்டினார். தாடைக்குக் கீழே பட்டையை இழுத்துப் பார்த்தார்.

"கெட்டியா புடிச்சிக்கோ" என்றார்.

ஷேர் ஆட்டோவையே முந்துகிற மனிதர். அன்று வீடு வரைக்கும் சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.