செர்ரி மரப் பிடி

காப்பி டப்பா வேலிக்கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அதைத் துளைப்பவனுக்கு ஹார்லனின் ரிவால்வர்.

அந்த ரிவால்வருக்கு ஆசைப்படாத ஆண்பிள்ளை மிசௌரியில் கிடையாது. ஹார்லன் அதை வெளியே எடுத்தால் மாடுகள்கூட மேய்ச்சலை விட்டுவிட்டு வேலியோரம் வந்து எட்டிப் பார்க்கும்.

அசல் பழசு இல்லை. இத்தாலியில் செய்த நகல்தான். ஹார்லன் அதன் நீலப் பூச்சை வினிகரில் ஊறவைத்து உரித்தான். கடுகு விழுது தடவிக் கறுக்கவைத்தான். உள்ளே இருந்த ஒவ்வொரு துண்டையும் அரத்தால் தேய்த்துத் தேய்த்து, வருஷக்கணக்காக அதோடு குடித்தனம் நடத்தினான். கடைசியில் அது உள்நாட்டுப் போரில் இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டதுபோல் ஆகிவிட்டது. சுத்தியலை இழுத்தால் பூனை கண் திறக்கும் சத்தம்தான் வரும்.

ஏப்ரலில் ஹார்லன் போய்விட்டான். போகிற நேரத்தில், "கிளப் பசங்க சுடட்டும், டப்பாவை அடிக்கிறவன் எடுத்துக்கட்டும்" என்று சொல்லி, பெண்டாட்டி லுவெல்லாவைத் தலையாட்ட வைத்துவிட்டான். அவள் தலையாட்டினால் ஆட்டியதுதான்.

யாருமே அடிக்காவிட்டால் பரிசு, அது வந்த வீட்டுக்கே திரும்பும் என்று எங்கள் துப்பாக்கி கிளப்பில் ஒரு விதி உண்டு. அது ஒருமுறைகூட வேலைக்கு வந்ததில்லை.

லுவெல்லா பெஞ்சில் இருந்தாள். பக்கத்தில் வழக்கம்போல் அவள் சுட்ட ஆப்பிள் பை. வழக்கம்போல் அதன் மேல்மாவில் அங்கங்கே கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய எழுத்துகள். மடியில் ரிவால்வர். அவள் கட்டைவிரல் அதன் செர்ரி மரப் பிடியின் மேல் போவதும் வருவதுமாக இருந்தது.

ஆளுக்கு ஒரு குண்டு; அவனவன் ரிவால்வரில் அவனவனே நிரப்ப வேண்டும். உருளையின் துளையில் முதலில் கறுப்பு வெடிமருந்து, அதன்மேல் ஒரு சிட்டிகை சோள மாவு, அதன்மேல் ஈயக் குண்டு, பின்பக்கம் பொறி கொடுக்கும் கேப். மருந்து போட மறந்தால் கேப் மட்டும் 'டப்' என்று வெடிக்கும்; குண்டு அசையாது. அப்படி மறந்தவனைச் சாகும்வரை கேலி செய்வோம். செத்த பிறகும் கொஞ்ச நாள்.

முதலில் வெண்டல் நின்றான். பறக்கிற ஈக்கு மீசை மழிக்கக்கூடியவன்.

டப்.

புகையே இல்லை.

"மருந்தைக் காப்பில கலக்கிக் குடிச்சிட்டியாடா?" என்று பர்விஸ் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

அடுத்து அந்த பர்விஸ். வீட்டில் கண்ணாடி அலமாரி நிறைய அசல் பழசுகளாக வைத்திருப்பவன். இதற்கும் ஒரு தட்டைக் காலி செய்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு வியர்த்து பூட்ஸ்வரை இறங்கியது.

இடி இடித்தது. வெள்ளைப் புகை எதிரே இருந்த மலையை மூடியது. புகை விலகியபோது டப்பா அப்படியே இருந்தது. குண்டு பக்கத்து மாநிலத்தில் இறங்கியிருக்கும்.

"மூக்குக்கண்ணாடி மாத்தணும்" என்று முணுமுணுத்தபடி யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்தான்.

பர்விஸ் மூக்குக்கண்ணாடி போடுவதில்லை.

அடுத்து கிளீட்.

டப்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வெண்டல் கிளீட்டைப் பார்த்தான். கிளீட் தன் பூட்ஸைப் பார்த்தான்.

மிச்சம் நான் ஒருவன். காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. காலை அகட்டி, ஒரு கண்ணை மூடி, டப்பாவின் நடு நெற்றிக்கு அழகாகக் குறிவைத்தேன்.

டப்.

லுவெல்லா எழுந்து வந்தாள். என் கையிலிருந்து என் ரிவால்வரைப் பிடுங்கி, உருளையைக் கழற்றி, சின்னச் சாவியால் பின்பக்கத் திருகை எடுத்து, உள்ளங்கையில் தட்டினாள்.

மஞ்சள் சோள மாவு கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. அதில் ஒரு கறுப்புப் பொட்டுகூட இல்லை.

"மறந்துட்டேன் லுவெல்லா. வயசாயிடுச்சில்ல."

"ஆமாமா. ஒரே காலைல மூணு பேருக்கும் வயசாயிடுச்சு. ஒருத்தனுக்குக் கண்ணு வேற அவிஞ்சிடுச்சு."

மாவை ஊதிவிட்டு, பெஞ்சுக்குத் திரும்பி, ஹார்லனின் ரிவால்வரைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். பிடியிடம் வந்ததும் கை நின்றது.

"பாவி மனுஷன். எங்கம்மா குடுத்த மாவு தேய்க்கிற கட்டைய, என்னை ஒரு வார்த்தை கேக்காம அறுத்து, இதுக்குப் பிடி போட்டான். இன்னிக்கு வரைக்கும் பேர் பொறிச்ச காலி பாட்டிலை வெச்சு மாவு தேச்சிட்டிருக்கேன். உங்களுக்கெல்லாம் எங்க தெரியப்போகுது!"

எங்களுக்கு எப்படித் தெரியும் என்று நாங்கள் நாலு பேரும் தலையை ஆட்டினோம்.

பிறகு அவள் ஆப்பிள் பையை வெட்டிக் கொடுத்தாள். என் துண்டின் மேல்மாவில் இருந்த எழுத்துகளை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செய்வதுபோல், வலமிருந்து இடமாக ஒருமுறை வாசித்துவிட்டுத் தின்றேன்.