கத்தரீனாளின் நாற்காலி

"அம்மா, வேர் இருக்குன்னு பின்னால வர்றவருகிட்ட சொல்லு!" நாற்காலியின் முன்பக்கத்தைத் தூக்கி வந்த ஜிபி கத்தினான்.

"ஜோஜோ, வேர் இருக்காம்ப்பா" என்றாள் நாற்காலியில் இருந்த கத்தரீனாள்.

"சரின்னு சொல்லும்மா" என்றான் மூத்தவன் ஜோஜோ, பல்லைக் கடித்துக்கொண்டு.

மலைக்கோயிலுக்கு ஜீப் போகாது. நாற்காலியை இரண்டு மூங்கிலில் கட்டித்தான் ஏலக்காட்டு வழியே தூக்க வேண்டும். பின்னால் வருபவனுக்குப் பாதை தெரியாது. முன்னால் போகிறவன் சொல்வதுதான் கண். அந்தக் கண் தம்பியாக வாய்த்ததில் ஜோஜோவுக்கு எரிச்சல். ஜோஜோவின் கோழி, ஜிபி காயப்போட்ட மிளகைக் கிளறிய நாளிலிருந்து இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

அம்மா வழுக்கி விழுந்து படுத்துப் பதினைந்து நாள். "ஆஸ்பத்திரி வேணாம். குணமளிக்கும் ஜெபத்துக்குத் தூக்கிட்டுப் போங்க. நான் பெத்த ரெண்டும்தான் தூக்கணும்" என்று ஒரே பிடிவாதம். அவள் மறுபடி நடந்தால் போதும் என்று ஜோஜோ தோள் கொடுத்தான்.

பாதி மலையில் கத்தரீனாள் ஜெபமாலையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் பதில் இல்லை.

"அண்ணே, பள்ளம்! காலை எட்டி வை!" ஜிபி அலறினான்.

ஜோஜோ ஒரே எட்டில் தாண்டினான். "நல்ல வேளைடா தம்பி! அம்மாவோட உருண்டிருப்பேன்."

அப்புறம் பள்ளம் தீர்ந்த இடத்திலும் பேச்சு தீரவில்லை. கோழி வரைக்கும் வந்துவிட்டது.

"அது கிறிஸ்மஸுக்கே குழம்பாயிருச்சுடா."

"எனக்கு ஒரு துண்டு குடுத்தியாண்ணே?"

இருவரும் சிரித்ததில் நாற்காலியே குலுங்கியது.

கோயில் வாசலில் இறக்கி வைத்தார்கள். 'இயேசுவே, எங்கம்மாவை நடக்க வையும்' என்று ஜோஜோ மனசுக்குள் கெஞ்சினான். ஃபாதர் அவள் தலைமேல் கை வைக்க நெருங்கினார்.

கத்தரீனாள் சட்டென்று எழுந்தாள். ஜெபத்துக்கு வந்தவர்களுக்காக வைத்திருந்த கஞ்சி அண்டாவை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். இரண்டு கிண்ணம் நிறைய ஊற்றிக் கொண்டுவந்து மகன்கள் கையில் கொடுத்தாள்.

"அற்புதம், ஃபாதர்! அம்மாவுக்குக் கால் வந்துருச்சு!" ஜோஜோவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அற்புதம்தான் ஃபாதர், ஆனா என் காலுக்கு ஒண்ணுமே ஆகல" என்றாள் கத்தரீனாள். "நோயாளிங்க ரெண்டு பேருந்தான் என்னைத் தூக்கிட்டு வந்தாங்க, வழியிலேயே குணமாயிட்டாங்க!"