ஒரு நிமிஷ இருட்டு

“என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்” என்று குகை வாசலில் மன்சிக் கிசுகிசுத்தான். வழிகாட்டி நம்ஹி உதட்டைச் சுழித்துவிட்டுப் பயணிகளிடம் போனாள்.

பின்னாலேயே குடையை ஊன்றிக்கொண்டு மாமியார் வந்தார். “என்ன மாப்ள, அந்தப் பொண்ணுகிட்ட?”

“வழி கேட்டேன், அத்தை.”

“வருஷா வருஷம் வர்ற குகைக்கு வழியா? சரி, போன வருஷமும் இதே சட்டையைத்தானே போட்டிருந்தீங்க? புதுசா ஒண்ணு எடுத்திருக்கலாம்ல.”

மன்சிக்கின் மனைவி போரா இறந்து ஐந்து வருடமாகிறது. இந்தச் சுண்ணாம்புக் குகையில்தான் அவள் ஆராய்ச்சி செய்தாள். கல் எப்படி வளர்கிறது என்று பார்க்க, நீர் சொட்டும் இடத்தில் அவள் வைத்த கண்ணாடித் தட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. மகளையே பார்க்க வருவதுபோல், வசந்தம்தோறும் மாமியார் அதைப் பார்க்க வருவார். மன்சிக்கை விட்டால் அவருக்கு வேறு நாதியில்லை.

வரும்போதெல்லாம் உள்ளே எதையாவது மறந்துவிட்டு வெளியே வருவார். கையுறை, சால்வை, ஒருமுறை பல்செட்டைக்கூட! மன்சிக்தான் திரும்பி ஓடுவான். நம்ஹிதான் எடுத்து வைத்திருப்பாள்.

அப்படியே இருவருக்கும் பேச்சு வளர்ந்து, இலையுதிர்காலத்தில் கல்யாணம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. வயதானவரின் மறதியில் குளிர்காய்ந்துவிட்டோமே என்று அவனுக்குக் கூசியது. வரும் வழியில் அவர் சுருட்டிக் கொடுத்த கிம்பாப் சோற்றுச் சுருளைக்கூடப் பிரிக்காமல் பையிலேயே வைத்திருந்தான். இன்றாவது சொல்லிவிட வேண்டும்.

போராவின் தட்டில் கல் பாலாடைபோல் மெல்லிசாகப் படிந்திருந்தது. மாமியார் குடையைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எல்லாரும் கம்பியைப் பிடிச்சுக்கங்க! ஒரு நிமிஷம், குகையோட நிஜமான இருட்டைக் காட்டப் போறேன்” என்று நம்ஹி விளக்குகளை அணைத்தாள்.

முகம் தெரியாத இருட்டு மன்சிக்குக்குத் தைரியம் கொடுத்தது. “அத்தை, என்னை மன்னிச்சிடுங்க. நான் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கப் போறேன். இந்த வழிகாட்டிப் பொண்ணைத்தான்.”

தட்டில் சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது. போராவும் கேட்டுக்கொண்டிருப்பதுபோல அவனுக்குத் தோன்றியது.

“உங்களை விட்டுட மாட்டேன், அத்தை…”

விளக்குகள் எரிந்தன. மாமியார் கண்களைத் துடைத்துக்கொண்டார். கம்பியில் தொங்கிய குடையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டார்.

“அப்பாடா! அப்போ இனிமே நான் எதையும் இங்க மறந்துட்டு வர வேண்டாம்ல, மாப்ள?”